யாரை நோக்கி வரைகிறோம்: திருகோணமலையின் சுவர்ச் சித்திரக்கதைகள்

திருகோணமலை மாவட்டத்தில் எந்த அரச அலுவலகத்துக்குப் போனாலும், காத்திருப்பவர்களுக்கான வாங்குக்கு எதிரே ஒரு விழிப்புணர்வுச் சுவரொட்டி தொங்கும். நீர் தேங்கவிடாதீர்கள், குப்பையைத் தெருவில் கொட்டாதீர்கள், கடன் வாங்கும் முன் சிந்தியுங்கள் என்று அது சொல்லும். இவை தவறான அறிவுரைகள் அல்ல. ஆனால் பல ஆண்டுகளாக இவற்றைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்த ஒருத்தியாக நான் கவனித்த ஒன்று உண்டு: எல்லாச் சுவரொட்டிகளும் வாங்கில் இருப்பவரிடம்தான் பேசுகின்றன, மேசைக்கு அப்பால் இருப்பவரிடம் எதையும் கேட்பதில்லை. நோய் வந்தாலும், கடல் வற்றினாலும், காணி பறிபோனாலும், திருந்தவேண்டியவர் எப்போதும் பாதிக்கப்பட்டவராகவே இருக்கிறார்.

எங்கள் மாவட்டத்து இளைஞர்கள் சிலர் வரைந்து சந்திகளிலும் மீன்வாடிகளிலும் ஒட்டிவரும் சித்திரக்கதைகள் இந்தத் திசையை மாற்றியிருக்கின்றன என்பதாலேயே அவற்றைப் பற்றி எழுதுகிறேன். நான் அவர்களுக்கு வரையக் கற்றுக்கொடுப்பவர்களில் ஒருத்தி. ஆகவே இது வெளியில் நின்று எழுதும் மதிப்புரை அல்ல; அந்தப் பிள்ளைகளின் வேலை எனக்கு மிக முக்கியமானது என்று நம்பி எழுதுகிறேன்.

வடிவத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பின்லாந்தின் லெய்ஃப் பக்கலேனும் இந்தியாவின் கேலிச்சித்திரக்காரர் சரத் சர்மாவும் வேர்ல்ட் கொமிக்ஸ் என்ற பெயரில் நடத்திய பயிற்சிகளின் வழியாக, ஆபிரிக்காவிலும் தெற்காசியாவிலும் பரவிய முறை இது. இரண்டு ஏ4 தாள்களை ஒட்டி ஒரு பெரிய தாளாக்கி, அதில் 4 கட்டங்கள் போடவேண்டும். முதற் கட்டத்தில் ஆளும் இடமும் அறிமுகமாகும். அடுத்த இரண்டில் சிக்கல் வளரும். கடைசிக் கட்டத்தில் அது ஒரு முடிவையோ ஒரு கேள்வியையோ சென்றடையும். கறுப்பு மையால் மட்டும் வரையவேண்டும், ஏனென்றால் போட்டோக்கொப்பி இயந்திரம் எடுத்துக்கொள்வது அதைத்தான். எழுத்து, இரண்டு அடி தள்ளி நிற்பவர் கண்ணாடி இல்லாமல் வாசிக்கும் அளவில் இருக்கவேண்டும். ஒட்டுவதற்கு முன் அந்தக் கதை யாரைப் பற்றியதோ அவர்களிடமே காட்டித் திருத்தவேண்டும். அவ்வளவுதான். அச்சகமோ பதிப்பாளரோ தேவையில்லை. 2022இல் நாட்டில் தாள் தட்டுப்பாடு வந்து பாடசாலைப் பரீட்சைகள்கூடத் தள்ளிப்போன காலத்திலும் ஒரு கதைக்கு 2 தாள் தேடிக்கொள்ள முடிந்தது என்பது இந்த எளிமையின் பயன்.

பயிற்சிக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஏற்கெனவே நன்றாக வரையக்கூடியவர்கள். கைபேசியில் பார்த்த யப்பானிய அனிமே முகங்களைப் பெரிய கண்களோடும் கூரிய தலைமுடியோடும் பிசகில்லாமல் வரைந்துவிடுவார்கள். அவர்களுடைய தந்தையர் தலைமுறை, சிவகாசியிலிருந்து வந்த கொமிக்ஸ் புத்தகங்களின் துப்பறிவாளர்களையும் குதிரைவீரர்களையும் இதேபோலக் கொப்பியின் பின்பக்கங்களில் வரைந்தது. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. பார்த்து வரைவதால்தான் கை பழகும். ஆனால் "உங்கட ஒழுங்கையை வரையுங்கோ" என்று சொன்னதும் அந்தக் கைகள் நின்றுவிடுகின்றன. கிடுகு வேலி எப்படி மடியும், தகரக் கூரையில் கல்லை எங்கே வைப்பார்கள், கரையில் ஏற்றிய வள்ளம் எந்தப் பக்கம் சரிந்து கிடக்கும் என்பவற்றை அன்றாடம் பார்த்த கண்கள், வரையத்தக்கவையாக அவற்றை ஒருபோதும் எண்ணியதில்லை. அச்சில் வந்த சித்திரக்கதைகளில் எங்கள் ஊர் இருந்ததில்லை என்பதால் அது சித்திரக்கதைக்கு உரிய இடம் அல்ல என்று பிள்ளைகள் தாமாகவே முடிவுகட்டியிருக்கிறார்கள். ஈழத்தில் சிரித்திரன் இதழை நடத்திய கேலிச்சித்திரக்காரர் சுந்தர் யாழ்ப்பாணத்து மனிதர்களைக் கோடுகளில் உயிர்ப்பித்துக் காட்டினார். எங்கள் மாவட்டத்துக் கொட்டியாரக் குடாவைச் சுற்றியுள்ள மனிதர்களுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. ஆகவே முதல் வேலை, பிள்ளைகளை வெளியே அழைத்துப்போய் வேலியையும் வள்ளத்தையும் வரையவைப்பதுதான். கதை அதற்குப் பிறகே வரும்.

திசை மாறுவது என்று நான் சொன்னதை, டெங்கு பற்றிய ஒரு கதையில் மிகத் தெளிவாகப் பார்த்தேன். 2017இல் இலங்கையில் 186,000க்கும் அதிகமான டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். அந்த ஆண்டின் தொடக்க மாதங்களில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட இடங்களில் கிண்ணியாவும் ஒன்று. பாடசாலைகளை மூடவேண்டிய நிலை வந்தது. அப்போது சிறுமியாக இருந்து காய்ச்சலில் படுத்தெழும்பிய ஒரு தங்கச்சி, பின்னாளில் பயிற்சிக்கு வந்து அந்தக் காலத்தை வரைந்தாள். அவளுடைய முதல் வரைவு, பாடசாலையில் கற்ற சுவரொட்டியின் அச்சாகவே இருந்தது: கவனமில்லாத உம்மா, மூடாத தண்ணீர்த் தொட்டி, நுளம்பு, வைத்தியசாலை. ஏன் தொட்டியில் தண்ணீர் பிடித்துவைத்தீர்கள் என்று கேட்டபோது, தங்கள் ஒழுங்கைக்குக் குழாய்நீர் குறிப்பிட்ட நேரம் மட்டுமே வரும், பிடித்துவைக்காவிட்டால் சமைக்க முடியாது என்றாள். சொல்லிவிட்டுச் சிறிது நேரம் தன் வரைவையே பார்த்துக்கொண்டிருந்தாள். டெங்கைப் பரப்பும் நுளம்பு பெரும்பாலும் தெளிந்த, தேங்கிய நீரில் முட்டையிடும். தண்ணீர் ஒழுங்காக வராத வீட்டில் தேங்கிய நீர் இல்லாமல் இருக்க வழியில்லை. இரண்டாவது வரைவில் உம்மா விடியுமுன் எழுந்து குழாயடியில் காத்திருந்தாள், தொட்டிக்குப் பழைய சேலைத் துணியால் மூடி கட்டினாள், பரிசோதிக்க வந்த அதிகாரி தண்டம் எழுதுவதாக எச்சரித்தபோது, கடைசிக் கட்டத்தில், "தண்ணி எந்த நேரமும் வந்தா நாங்க ஏன் சேர் தொட்டி வைக்கிற?" என்று கேட்டாள். நுளம்பைப் பற்றிய அறிவு முழுவதும் அந்தக் கதையில் இருந்தது. பழி மட்டும் இடம் மாறியிருந்தது.

அதே கிண்ணியாவில் நடந்த இன்னொரு துயரத்தை வரைவது இதைவிடக் கடினமாக இருந்தது. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலையில் குறிஞ்சாக்கேணியில், ஆட்களை ஏற்றிச் சென்ற இழுவைப் பாதை (இழுத்துச் செல்லப்படும் மிதவை) கவிழ்ந்து, பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். புதிய பாலம் கட்டுவதற்காகப் பழைய பாலத்தின் வழி இல்லாமற்போன காலம் அது. மக்கள் அக்கரை போவதற்கு அந்தப் பாதையையே நம்பியிருந்தார்கள். அந்தப் பகுதியைச் சேர்ந்த ஒரு தம்பி இதை வரையவேண்டும் என்று வந்தபோது, எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. இறந்த பிள்ளைகளின் வீடுகள் இருக்கும் ஊரிலேயே ஒட்டப்படப்போகும் தாள் அது. செய்தித்தாளில் ஒரு நாள் வந்து மறையும் படத்துக்கும், தாய் ஒருத்தி கடைக்குப் போகும் வழியில் தினமும் கடந்துபோகவேண்டிய சுவரில் இருக்கும் படத்துக்கும் பெரிய வேறுபாடு உண்டு.

அவன் எடுத்த முடிவு என்னுடைய யோசனைகளைவிடச் சிறந்தது. கவிழும் காட்சியை வரையவே இல்லை. முதற் கட்டத்தில், வெள்ளைச் சீருடைக்குப் பொத்தான் போட்டுவிடும் ஒரு தாய். இரண்டாவதில், நீருக்குள் பாதியில் நிற்கும் பாலத் தூண்களும் அவற்றுக்குக் கீழே ஆட்கள் நிறைந்த பாதையும், தூரத்திலிருந்து பார்த்தபடி. மூன்றாவதில், விபத்துக்குப் பின் கரையில் கூடிய அதிகாரிகளும் கமராக்களும். நான்காவதில், ஒரு சிறுமி திட்டத்தின் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுத் தன் வாப்பாவிடம், பாலம் எப்போது முடியும் என்று கேட்கிறாள். உயிர்காப்பு அங்கி அணியுங்கள், அளவுக்கு மீறி ஏறாதீர்கள் என்ற வழக்கமான அறிவுரை எங்கும் இல்லை. அது அவசியமான அறிவுரைதான். ஆனால் பாலம் இருந்திருந்தால் அந்த அறிவுரைக்கே தேவை இருந்திருக்காது. பிள்ளையை இழந்த குடும்பங்களுக்கு நெருங்கிய பெரியவர்களிடம் முதலில் காட்டி, அவர்கள் சரி என்று சொன்ன பின்பே ஒட்டினான். அவர்கள் கேட்டுக்கொண்ட ஒரே மாற்றம், முதற் கட்டத்துத் தாயின் முகத்தைத் திருப்பிவைக்கவேண்டும் என்பது. யாருடைய முகமாகவும் அது தெரிந்துவிடக்கூடாது என்றார்கள்.

காட்டித் திருத்துவது என்ற இந்தப் படியை வெறும் சம்பிரதாயமாக நினைப்பவர்கள் ஒருமுறை மீன்வாடிக்கு வரவேண்டும். வாடைக் காற்று அடங்கிக் கடல் சாந்தப்பட்டால், திருகோணமலைக் கரை முழுவதும் தொழில் நடக்கும் பருவம். கரைவலை இழுப்பவர்களும் சிறு வள்ளக்காரரும் சுருக்குவலைக்காரரும் ஒரே கடலில், ஒரே மீன்கூட்டத்தை நம்பி இருக்கிறார்கள். மீன்கூட்டத்தைச் சுற்றி வளைத்து, அடிக்கயிற்றை வளையங்களின் வழியே இழுத்துப் பையைப்போல மூடிவிடும் சுருக்குவலை பற்றிய சச்சரவு இங்கே பழையது. வெடிவைத்து மீன்பிடிப்பது அதைவிடப் பழையது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டம் வெடிமருந்தைத் தடைசெய்திருந்தாலும், வெடிச்சத்தம் கடலில் கேட்கத்தான் செய்கிறது. நிலாவெளிக்கு அப்பால் இருக்கும் புறாமலைத் தீவு 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைச் சுற்றியுள்ள முருகைக்கற்கள், அதாவது பவளப்பாறைகள், வெடியில் உடைந்தால் மீன்குஞ்சுகள் ஒதுங்க இடமில்லாமல் போகும்.

உப்புவெளிப் பக்கத்து இளைஞன் ஒருவன் இவற்றையெல்லாம் சேர்த்து, சுருக்குவலைக்காரரைக் கொடியவர்களாகக் காட்டி ஒரு கதை வரைந்தான். கரைவலைக் குடும்பத்துப் பிள்ளை. அவனுடைய கோபம் நியாயமானது. வாடியில் தாளை விரித்தபோது, முதலில் வலையைத் திருத்தினார்கள். இவ்வளவு பெரிய வலையை இந்தச் சின்ன வள்ளத்தில் ஏற்ற முடியாது, இழுக்க இத்தனை பேர் காணாது என்று ஒரு ஐயா விரலால் தாளிலேயே கோடு போட்டுக் காட்டினார். பிறகு, அதுவரை பேசாமல் நின்ற ஒருவர், தானும் அந்த வலைக்குக் கூலிக்குப் போகிறவர் என்றார். "தம்பி, வலையும் எங்கட இல்ல, வள்ளமும் எங்கட இல்ல. பங்குக்குத்தான் போறம். சம்மாட்டிய நீ கீறேல்லையே" என்றார். அவர் கேட்டது உண்மையாகவே கலை பற்றிய கேள்வி: கதையின் மையமான ஆள் எந்தக் கட்டத்திலும் இல்லை. புதிய வரைவில், வலையின் சொந்தக்காரரான சம்மாட்டி கரையில் கைபேசியோடு நிற்கிறார். கடலில் இரண்டு வகைத் தொழிலாளரும் எதிரெதிரே இருக்கிறார்கள். அந்தக் கோபம் சற்றும் குறையாமல், அது சேரவேண்டிய ஆளிடம் போய்ச் சேர்ந்தது.

சம்பூர்க் கதை இன்னொரு வகை. 2006இல் போரினால் சம்பூர் மக்கள் முழுவதுமாக இடம்பெயர்ந்தார்கள். கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் இருந்து, 2015க்கும் 2016க்கும் இடையில் கட்டம் கட்டமாகத் தங்கள் காணிகளுக்குத் திரும்பினார்கள். இடைப்பட்ட காலத்தில் அந்த மண்ணில் இந்தியாவோடு சேர்ந்து ஒரு நிலக்கரி அனல்மின் நிலையம் கட்டுவதாகத் திட்டமிடப்பட்டு, 2016இல் அது கைவிடப்பட்டது. முகாமின் தகரக் கொட்டிலில் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு ஊர் என்பது அம்மம்மா சொன்ன ஒன்றுதான். இப்படி வளர்ந்த ஒருவன், தான் பார்த்திராத காலத்துச் சம்பூரை அம்மம்மாவின் சொல்லை மட்டும் வைத்து வரைந்தான். பத்திரகாளி அம்மன் கோயிலிலிருந்து கிணற்றுக்கு எந்தப் பக்கம், மாடு மேய்ந்தது எந்த வெளி என்று அவர் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தாள் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு காணி வரைபடமாகவும் ஆகிவிட்டது.

இப்போது சம்பூரில் 120 மெகாவாற்றுச் சூரிய மின்திட்டம் வருகிறது. 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் இலங்கை வந்தபோது அதன் தொடக்க நிகழ்வு நடந்தது. அதே 2025இல், முத்துநகர் விவசாயிகள் தாங்கள் பயிர்செய்துவந்த நிலங்கள் சூரிய மின்திட்டங்களுக்குப் போவதை எதிர்த்து மாவட்டச் செயலகத்தின் முன் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். இதை வரைவதில் ஓர் ஆபத்து உண்டு. சூரிய மின்சாரம் நாட்டுக்குத் தேவை. நிலக்கரியை எதிர்த்த ஊர்தான் அதை நன்றாக அறியும். ஆகவே திட்டம் வேண்டாம் என்று கத்தும் கதையை எங்கள் குழுவில் எவரும் வரையவில்லை. அவர்கள் வரைந்தது, தரிசு என்று கோப்பில் எழுதப்பட்ட நிலத்தில் மாடுகள் மேய்வதையும் நெல் விளைவதையும். நிலத்தைத் தரிசு என்று எழுதியவர் எந்த மாதத்தில் வந்து பார்த்தார் என்று ஒரு விவசாயி கேட்பதோடு கதை முடிகிறது. மாரி மழையில் விதைத்து, அறுவடை முடிந்து காய்ந்துகிடக்கும் வெளியை ஆடியில் பார்ப்பவருக்கு அது தரிசாகத்தான் தெரியும். இதை ஒரு அறிக்கை பத்துப் பக்கத்தில் சொல்லவேண்டியிருக்கும்.

தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று சமூகங்களும் பெரும் எண்ணிக்கையில் வாழும் மாவட்டம் இது. ஒரு பக்கத்தில் ஒட்டிய தாள் மறுபக்கத்தில் வாசிக்கப்படாவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. தொடக்கத்தில் ஒரே பேச்சுக்கூட்டுக்குள் தமிழையும் சிங்களத்தையும் திணித்துப் பார்த்தார்கள். எழுத்து எறும்பு அளவுக்குச் சிறுத்துப்போனது. இப்போது மூலப் படியில் பேச்சுக்கூடுகளை வெறுமையாக விட்டு, போட்டோக்கொப்பி எடுத்த பின் அந்தந்த மொழியில் கையால் எழுதுகிறார்கள். கந்தளாயிலிருந்து வரும் சிங்கள இளைஞர்களுக்கு இந்த வடிவம் எங்களைவிட எளிதில் பிடிபட்டுவிடுகிறது. 1970களில் சிங்கள வாராந்தச் சித்திரக்கதைப் பத்திரிகைகள் பெரும் வாசகர் கூட்டத்தை வைத்திருந்தன. தாத்தாமார் வாசித்த வடிவம் என்ற உரிமையோடு அவர்கள் பேனாவை எடுக்கிறார்கள். யானை வயலுக்குள் வரும் கதையைக் கந்தளாய் இளைஞனும் வெருகல் பக்கத்துப் பெண்ணும் தனித்தனியே வரைந்துகொண்டுவந்தபோது, இரண்டிலும் இரவுக் காவல் குடிசை ஒரே மாதிரி இருந்தது. அவர்கள் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஒருவர் மற்றவரின் யானைத் தும்பிக்கையைத் திருத்தத் தொடங்கிவிட்டார்கள்.

இந்த வேலைக்கு எதிராகச் சொல்லப்படும் இரண்டு விடயங்களை நான் அடிக்கடி கேட்கிறேன். ஒன்று, படங்கள் கரடுமுரடாக இருக்கின்றன என்பது. சில உண்மையில் அப்படித்தான் இருக்கின்றன. அவற்றை மேலும் மெருகேற்றவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கையின் அளவு பிழைத்தால் வாசிப்பவர் கதையைவிட்டுக் கையையே பார்ப்பார். ஆகவே உடற்கூற்றுப் பயிற்சியை நான் விட்டுக்கொடுப்பதில்லை. மற்றொன்று, இதற்குப் பணம் தரும் நிறுவனங்கள் தலைப்பையும் சேர்த்தே தருகின்றன என்பது. இது நியாயமான கவலை. சமாதானம், நல்லிணக்கம், காலநிலை என்று தலைப்பு மேலிருந்து வரும்போது, பிள்ளைகள் அந்தத் தலைப்புக்கு ஏற்ற கதையைக் கண்டுபிடிக்கிறார்கள். கடைசிக் கட்டத்தில் எல்லோரும் கைகோத்து நிற்கிறார்கள். அத்தகைய தாள்கள் ஒட்டப்பட்ட சுவருக்கு முன் எவரும் நிற்பதில்லை. தாளுக்கும் மைக்கும் ஆகும் செலவு மிகச் சிறியது என்பதால், தலைப்போடு வரும் பணத்தை மறுத்துவிடும் சுதந்திரம் இந்த வடிவத்துக்கு இருக்கிறது என்பதே என் கருத்து. நுண்கடன் பற்றிய கதை அப்படித்தான் பிறந்தது. 2018இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. அதற்குப் பின்னும் வார வாரம் வாசலில் வந்து நிற்கும் வசூலிப்பவரை எந்தத் தலைப்பும் கேட்கவில்லை, ஓர் அக்கா தானாகவே வரைந்தாள்.

இப்போது கையில் இருப்பது மணல் பற்றிய வேலை. 335 கிலோமீற்றர் ஓடி வரும் மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கும் முன், அதன் கரைகளில் அள்ளப்படும் மணல் டிப்பர்களில் வெளியூர்களுக்குப் போகிறது. ஒரே ஊரைச் சேர்ந்த இருவர் இதை வரைகிறார்கள். ஒருவனுடைய தந்தையின் வயல்கரை ஆற்றுக்குள் சரிந்துகொண்டிருக்கிறது. மற்றவனுடைய மூத்த நானா ஆற்றில் இறங்கி மணல் அள்ளிக் கூலி பெறுபவர். இரண்டு கதைகளையும் தேநீர்க்கடைக்காரர் ஒருவர் தன் ஒரே சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டச் சம்மதித்திருக்கிறார். இரண்டிலும் மூன்றாவது கட்டம் மட்டும் இன்னும் முடியவில்லை, ஏனென்றால் மணல் அள்ளும் அனுமதிப்பத்திரம் அந்தப் பகுதியில் யார் யாருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியவேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இருவரும் சேர்ந்து ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவை அறிவிக்கவேண்டும் என்பது சட்டம். பட்டியல் கிடைத்தால் அதில் உள்ளபடி வரைவார்கள். கிடைக்காவிட்டால், பதில் வராத விண்ணப்பத்துக்கு எப்படி மேன்முறையீடு செய்வது என்பதையே அந்தக் கட்டத்தில் வரைவதென்று முடிவெடுத்திருக்கிறார்கள்.